கொல்லா நோன்பும் நோய்தீர் மருந்தும்

கொல்லாமையை ஏனை அறங்கட்கெல்லாம் தலையாயதாகக் கொண்டு ஒழுகுவோர் நம் நாட்டில் என்றும் உளர். ஊனுணவை ஒழித்தாரைச் சைவர் என்றும், அவர் உணவைச் சைவம் என்றும் சமயப் பெயராலேயே வழங்குதல், தமிழ் மக்கள் இவ்வறத்திற்கு அளித்த சிறப்பினை நன்கு காட்டும். இந்நாளில் இந்நோன்பினை இன்னும் ஒரு படி மேற்கொண்டு, பால், தயிர், நெய், தேன், பட்டு, தோல் என்பவற்றையும் விலக்குவோர் கோவை முதலிய நகரங்களிற் காணப்படுகின்றனர். 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோர் கூடி அமைத்த சங்கத்தினின்றும் இன்னோர்க்கு வீகன் என்னும் பெயர் வந்தது. ஆனைந்து ஆட்டும் நம் நெறி பாலை விலக்கிய நெறியன்று. ஆதலின் இவர் நோன்பு முழுவதும் நம்முடையதெனல் கூடாது. ஆயினும் உயிர்க்கு இரங்குதலாகிய வேர் இரண்டற்கும் ஒன்றே. இரு சாரார்க்கும் பொதுவாய் நிற்கும் இடரும் ஒன்றுளது. உணவிற் கைவிட்ட பொருளை, நோய் வந்துழி மருந்தென்னும் பெயரால் ஏற்கலாமோ என்பதே அது. இவ்வினா ஏட்டளவில் நின்றொழிவதன்று. உயிர் ஊசலாடும் இடத்தில் எழுவது. அதனைக் கொங்குநாட்டிலும் அதனை அடுத்த மலையிலும் நிகழ்ந்த வரலாறு கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கோவைக்கு மேற்கே நொய்யலாற்றங்கரையில் உள்ள பேரூர், பட்டிப்பெருமான் எழுந்தருளிய திருப்பதி. அவ்வூரில் விளங்கியவர் 17-ஆம் நூற்றாண்டினராகிய சாந்தலிங்க அடிகள். அவர் பெயரால் அங்குள்ள திருமடத்தின் சார்பில் 1953-ஆம் ஆண்டு தமிழ்க் கல்லூரியும் தோன்றியது. அடிகள் அருளிய நூல்கள் நான்கனுள் ஒன்று கொலைமறுத்தல் என்னும் பெயரியது. அதற்கு உரை கண்டவர் திருப்போரூர்ச் சிதம்பர அடிகள். பல அறங்களுள் ஒன்றாகக் கூறியமையாது, கொலைவிலக்கு ஒன்றையே பொருளாக்கி ஒரு தனி நூல் இயற்றிய ஆசிரியர் கொங்கில் விளங்கினார் என்பது, இம்மண்ணில் அவ்வறம் எத்துணை ஆழ வேரூன்றியதென்பதற்குச் சான்றாம்.

இனி, அக்காலத்து மருந்துகள் யாவும் பச்சிலையும் வேருமே என்றும், ஊன் கலந்த மருந்து வெள்ளையர் கொணர்ந்த தீங்கு என்றும் சிலர் மேடைகளிற் பேசக் கேட்கின்றோம். அஃது உண்மையன்று. சித்த மருத்துவ நூலார் மருந்துப் பொருளைத் தாவரம், தாது, சீவம் என முக்கூறாக வகுத்தனர். சீவ வகுப்பிற் சேர்ந்தவை பல. கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். கத்தூரி ஆண் கத்தூரிமானின் மதப்பை; அதன் பொருட்டு அம்மான்கள் வேட்டையாடப்பட்டன. புனுகு, கூட்டில் அடைத்த பூனையின் சுரப்பை வழித்து எடுப்பது. சங்கு, முத்து, பவழம் என்பவற்றின் பற்பங்களும் உயிர்களின் உடலினின்றே வருவன. மயிலிறகு ஒன்றே தானே உதிர்வதாகலின் குற்றமில்லது எனலாம். அனுபானமாகிய தேனும் நெய்யும் பாலும் இருக்கவே இருக்கின்றன.

பூண்டும் உண்ணாத சைவ வீடுகளிலும் கைக்குழந்தைக்குக் கோரோசனை மாத்திரையைத் தாய்ப்பாலில் இழைத்துப் புகட்டினர் பாட்டிமார். அது யாண்டிருந்து வந்ததென அவர் வினவியதில்லை. மருந்து மருந்தே என்று அமைந்தனர். இவ்வமைதியை அறியாமை என்று இகழ்தல் எளிது. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நாவின் சுவை நோக்கி உண்பதற்கும், பிள்ளையின் உயிர் நோக்கிப் புகட்டுவதற்கும் உள்ள வேற்றுமையை அவர் உள்ளம் உணர்ந்திருந்தது. ஆயினும் கேளாமை கேளாமையே. அதன் பயனாகக் கத்தூரிமான் அருகி, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து காக்கவேண்டியதாயிற்று.

இனி, கோவையினின்றும் மேட்டுப்பாளையம் வழியே மலையேறிக் குன்னூர்க்குச் செல்வோம். நீலகிரி 1868-ஆம் ஆண்டு வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1899-இல் மேட்டுப்பாளையத்தினின்றும் குன்னூர் வரை மலை இரயில் ஓடத் தொடங்கியது. அம்மலையில் 1907-ஆம் ஆண்டில், வெறிநாய்க்கடிக்கு மருத்துவஞ் செய்தற்பொருட்டுத் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர், கர்சன் பிரபுவின் கையில் இந்தியாவின் நலத்திற்கென வழங்கிய பொருளில் ஒரு பகுதி இதற்குப் பயன்பட்டது. தொடக்க ஆண்டுகளில் நாய் கடித்தவர் தாமே குன்னூர்க்குச் சென்று தங்கி ஊசி ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சமவெளியினின்றும் அஞ்சியஞ்சி அம்மலை ஏறியவர் பலர்.

அம்மருந்தின் பிறப்பை உற்று நோக்குதல் வேண்டும். 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரிசு நகரில் லூயி பாஸ்டர் என்னும் அறிஞர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, நோயேற்றிக் கொன்ற முயல்களின் முதுகுத்தண்டை உலர்த்தி அமைத்த மருந்தைச் செலுத்திப் பிழைப்பித்தார். பின்னர் டேவிட் செம்பிள் என்னும் படைமருத்துவர் இமயச் சாரலிலுள்ள கசௌலியில் ஆராய்ந்து 1911-இல் வேறொரு முறை கண்டார். செம்மறியாட்டின் மூளையில் நோய்க்கிருமியைச் செலுத்துவர். ஆடு நோயுற்று உறுப்பு ஒடுங்குங்கால் அதனைக் கொன்று மூளையை எடுப்பர். அதனை அரைத்துக் கரைத்து, ஃபீனால் என்னும் மருந்தாற் கிருமியை மாய்த்து, அக்கரைசலை மக்கட்கு ஊசியாற் செலுத்துவர். இம்மருந்தே இந்திய நாடெங்கும் பரவிற்று. குன்னூரிலும் இயற்றப்பட்டு ஊர்தோறும் சென்றது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் பேச்சு எம் இளமையில் நாயினும் மிகுதியாக எம்மை அச்சுறுத்திய பேச்சு. ஆனால் அவ்வூசியுள் இருந்தது ஆட்டின் மூளை என்பதைச் சொன்னவர் அந்நாளில் எம் ஊரில் ஒருவருமிலர்.

வெறிநாய்க்கடி நோயின் இயல்பு இரக்கமற்றது. நீரைக் கண்டு அஞ்சுதல் முதலிய குறிகள் தோன்றியபின் பிழைத்தார் உலகில் மிகமிக அரியர். பிழையார் என்றே சொல்லிவிடலாம். குறி தோன்றுமுன் செலுத்தும் தடுப்பு மருந்து ஒன்றே காப்பு. அவ்வாறாயின், பேரூர்த் திருமடத்து அன்பர் ஒருவரை 1930-ஆம் ஆண்டில் வெறிநாய் கடித்ததென வைத்துக்கொள்வோம். அவர் செய்யத்தக்கது யாது?

அறநூலார் கொலையைத் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என மூன்றாகப் பகுப்பர். ஊசி ஏற்றுக்கொள்பவர் ஆட்டைக் கொன்றாரல்லர். கொல்க என ஏவினாருமல்லர். ஆயின் உடன்பட்டாரோ எனின், இவ்விடத்தே நாம் நம்மை ஏமாற்றிக்கொள்ளுதல் ஆகாது. வாங்குவார் இல்லையெனின் விற்பாரும் இல்லை என்னும் நியாயத்தை ஊனுணவினர்க்கு எதிராக எத்துணை முறை எடுத்தாண்டிருக்கின்றோம்! திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரத்தைப் பாடஞ்சொல்லும்போதெல்லாம் அதனை வற்புறுத்துகின்றோம். அந்நியாயம் மருந்திற்கு மட்டும் பொருந்தாதென ஒதுக்குதல் வழக்குரைப்பார் சூழ்ச்சியேயன்றி நேர்மை ஆகாது. ஏற்பவர் உளராதலின் ஆடு கொல்லப்பட்டது என்பது உண்மை.

அற்றேல், மருந்தை மறுத்து உயிர் விடுதலே நோன்பிற்கு அழகு ஆகாதோ எனின், ஆகாது என்பதே எம் துணிபு. ஊன் உண்பார்க்குச் சோறும் பருப்பும் கீரையும் எதிரே உள. அவற்றை விடுத்து ஊனை விரும்புதல் சுவை பற்றியது. நாய் கடித்தார்க்கு அந்நாளில் வேறு மருந்து எதிரே இல்லை. மேலும் சித்தாந்த நூல்கள் தனு கரண புவன போகங்களை உயிர் மலநீக்கம் பெறுதற்பொருட்டு இறைவன் அளித்த கருவிகள் என்கின்றன. அளித்த கருவியைக் காத்தற்கு வழியிருந்தும் கைவிடுதல் அளித்தவனை மதியாமையாம். தன்னுயிரும் ஓர் உயிரே என்பதனை நோன்புடையார் சிலர் மறந்துவிடுகின்றனர். ஆகவே ஏற்கத்தக்கது, ஏற்றபின் அதன்கண் மாசே இல்லையெனப் பேசாதிருக்கத்தக்கது. மாசு உண்டென அறிந்தவரே மாற்று எங்கே எனக் கேட்பர்.

இவ்விடர்ப்பாட்டை நாடறிய நுகர்ந்தவர் காந்தியடிகள். அவர் 1912-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில், பசுக்களைத் துன்புறுத்திப் பால் கறத்தலை அறிந்து வருந்தி, கால்லன்பாக் என்னும் நண்பருடன் பாலை விட்டொழித்தார். 1918-ஆம் ஆண்டில் கேடா மாவட்டத்தில் சுற்றியபோது வயிற்றுக்கடுப்பால் உடல் நைந்தது. மருத்துவர் பால் இன்றி உடல் தேறாதென்றனர். அடிகள் நோன்பைக் கூறி மறுத்தனர். அருகிருந்த கஸ்தூரிபா அம்மையார், நோன்பு பசுவின் பாலையும் எருமையின் பாலையும் எண்ணியதன்றோ, ஆட்டுப்பால் கொள்ளலாமே என்றார். அடிகள் இணங்கினார், பிழைத்தார். ஆனால் பின்னாளில் தம் வரலாற்றை எழுதுங்கால், நோன்பின் சொல்லைக் காத்து அதன் உயிரைக் கைவிட்டேன் என்னும் கருத்துப்பட வருந்தி உரைத்தார். மருந்தாக ஏற்றார், ஆயினும் குற்றமில்லை எனச் சாதித்தாரல்லர். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமையால் இதனை யாம் போற்றுகின்றோம். 1902-இல் பம்பாயில் தம் பத்து வயது மகனுக்குக் கொடுங்காய்ச்சல் கண்டபோது முட்டையும் கோழிச்சாறும் வேண்டாவென மறுத்து நீர்மருத்துவஞ் செய்தமையை அவ்வாறு போற்ற எம்மால் இயலவில்லை. பிள்ளை பிழைத்தான், அஃது இறைவன் அருள். தந்தையின் நோன்பிற்குப் பிள்ளையின் உடலைப் பணயமாக வைத்தல் பிறர் பின்பற்றத்தக்க வழியன்று.

மீண்டும் குன்னூர்க்கு வருவோம். அம்மலையிலேயே இவ்வினாவிற்கு மற்றொரு விடையும் முளைத்தது. பாஸ்டர் நிலையத்தில் 1918-ஆம் ஆண்டில் ஓர் அறையில் தொடங்கிய உணவாராய்ச்சி, ராபர்ட் மக்காரிசன் என்பார் தலைமையில் வளர்ந்தது. பின்னர் 1958-இல் ஐதராபாத்திற்கு மாறி இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகின்றது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928-ஆம் ஆண்டு முதல் பம்பாயில், நெசவாலைத் தொழிலாளர் குடும்பத்துக் கருவுற்ற பெண்கள் குருதி குன்றி மடிவதன் காரணத்தை ஆராய்ந்தவர். 1929-ஆம் ஆண்டின் வேனில் தொடங்கிச் சில திங்கள் தம் ஆராய்ச்சியைக் குன்னூர்க்கு மாற்றிக்கொண்டார்; 1931-இன் தொடக்கத்தில் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். அக்காலத்தில் குருதிக்குறைவின் கொடிய வகை ஒன்றற்கு ஈரலே மருந்து என்பது மேனாட்டார் கண்ட புதுமை. அதன் பொருட்டு மைனாட், மர்ஃபி முதலியோர்க்கு 1934-இல் நோபல் பரிசும் கிடைத்தது. லூசி அம்மையார் கண்டது யாதெனின், கருவுற்றோர்க்கு வரும் குருதிக்குறைவிற்கு ஈரலேயன்றி ஈஸ்டு என்னும் நொதியின் சாறும் நன்கு பயன்படும் என்பது. மார்மைட் என்று கடைகளில் மலிவாக விற்ற பசையே அச்சாறு. அதன்கண் இருந்த சத்து 1941-இல் கீரையினின்றும் பிரித்தெடுக்கப்பட்டு, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாற் ஃபோலிக் அமிலம் எனப் பெயர்பெற்றது. இன்று கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் அரசு மருத்துவமனையில் இரும்புச் சத்துடன் சேர்த்துக் கொடுக்கும் மாத்திரை அதுவே.

அம்மையார் ஆராய்ச்சியிலும் எலியும் குரங்கும் துன்புற்றன. அதனை மறைத்தல் முறையன்று. அவர் நோக்கம் கொல்லாமையுமன்று. ஏழைக்கு எட்டும் மலிவான மருந்தே அவர் தேடியது. எனினும் ஆட்டுமூளை அரைத்த அதே நிலையத்தின் எல்லையுள், ஈரலுக்கு நொதி மாற்றாகும் என்னும் ஆராய்ச்சியும் நடந்தது என்பது நோன்புடையார் நெஞ்சில் நிறுத்தத்தக்க செய்தி.

ஆட்டுமூளை மருந்தின் கதையும் அவ்வாறே முடிந்தது. அம்மூளைப் பொருள் ஏற்றவர் சிலர்க்கு நரம்பு நோயும் உறுப்பு ஒடுக்கமும் விளைத்தது. ஆட்டின் நரம்புறையை எதிர்த்தெழுந்த உடலின் காவல், தன் நரம்பையும் தாக்கியமையே அதற்குக் காரணம். ஆதலின் அறிஞர் உயிரணு வளர்ப்பு முறையில் தூய மருந்துகளை ஆக்கினர். இந்திய நாட்டில் 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு மூளைமருந்து இயற்றுதல் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு அது நிலவிற்று. 1977-இல் இந்தியப் பாஸ்டர் நிலையம் எனத் தன்னுரிமை பெற்ற குன்னூர் நிலையமும் வீரோ என்னும் அணுக்களில் வளர்க்கும் புதுமருந்திற்கு மாறியது. இன்று தொப்புளைச் சுற்றி ஊசி இல்லை. புயத்தில் நான்கைந்து முறையே. ஆயின் இதுவும் முற்றும் தூயதோ எனின், அன்று. வீரோ அணுக்கள் 1962-இல் சப்பானியர் ஓர் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்தினின்றும் எடுத்து வளர்த்தவை. அவற்றை வளர்க்கக் கன்றின் குருதிநீரும் பயன்படுவதுண்டு. ஒரு குரங்கின் உடலினின்றும் எடுத்த அணுக்கள் அறுபதாண்டாகப் பெருகிக் கோடிக்கணக்கானோர்க்கு உதவுதலும், ஊசிதோறும் ஆட்டு மந்தைகளை நாடுதலும் ஒரு நிகரனவல்ல. கொலை ஒழியவில்லை, மிகவும் சுருங்கியது.

இவையெல்லாம் பழங்கதை என எண்ணற்க. எம்மிடம் பாடங்கேட்ட மாணவர் ஒருவர், பாலையும் விட்டவர், இளமை முதல் நீரிழிவுடையார், அண்மையில் வந்து, இன்சுலின் பன்றியின் கணையத்தினின்றும் எடுப்பதாமே, ஐயா, ஊசியை நிறுத்திவிடட்டுமா என வினவினார். எம் நெஞ்சு நடுங்கிற்று. அவர்போல்வார்க்கு ஊசியை நிறுத்துதல் சில நாளிலேயே உயிர்க்கு இறுதி. அவர்க்குக் கூறியதனையே ஈண்டும் எழுதுகின்றோம்.

1921-இல் கனடா நாட்டு டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் என்போர் இன்சுலினைக் கண்டு, 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதற்கண் செலுத்தினர். அதற்கு முன்னர் அந்நோயுற்ற சிறுவர் மெலிந்து மடிந்தனர். அறுபதாண்டுக் காலம் இம்மருந்து மாட்டினின்றும் பன்றியினின்றுமே வந்தது. எட்டு அவுன்சு இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பன்றியுறுப்பு வேண்டியிருந்தது என்பர். அந்நாளில் ஊசி ஏற்ற சைவர், நாய்க்கடியுற்றார் நிலையிலேயே இருந்தனர். 1978-இல் மனித இன்சுலினை நுண்ணுயிரிடத்தே விளைவிக்கும் முறையைக் கலிபோர்னியத்தார் கண்டனர். 1982-இல் அது விற்பனைக்கு வந்தது. பெங்களூரில் பயோகான் நிறுவனம் 2004-இல் ஈஸ்டு வகை ஒன்றன் வாயிலாக ஆக்கி வெளியிட்டது. இந்நாள் மருந்துக்கடைகளில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் இங்ஙனம் நுண்ணுயிரிலும் ஈஸ்டிலும் விளைந்ததே. மாணவர் எவரோ கூறிய பழஞ்செய்தியை நம்பி உயிரை இழக்கவிருந்தார். பாலும் விட்டார்க்குக் குறைவுபடும் பி12 என்னும் சத்தும், முன்னர் ஈரலினின்றும் எடுத்தது, இன்று நுண்ணுயிர்களாலேயே விளைவிக்கப்படுகின்றது. அதனை அவர் தவறாது கொள்ளுதல் வேண்டும் என்பதனையும் கூறி அனுப்பினோம்.

இனி எஞ்சி நிற்பவை உறையும் கூட்டுப்பொருளுமாம். மருந்துக்குளிகையின் உறை பெரும்பாலும் ஜெலட்டின்; அது மாடு முதலியவற்றின் எலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுத்த பசை. மரநாரினின்றும் ஆக்கும் உறையும் உளது. உணவுப் பொதிகளிற் காணும் நிறக்குறி மருந்துப் பொதிகளிலும் வேண்டுமென ஒருவர் தொடுத்த வழக்கில், உயிர்காக்கும் மருந்து ஒழிந்த ஏனையவற்றிற்குக் குறி இடுக எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2013-இல் அதனை நீக்கியது. உயிர்காக்கும் மருந்தை உயர்நீதிமன்றம் விலக்கி வைத்தமை நுட்பமுடையது. குறியைக் கண்டு அஞ்சி நோயாளி மருந்தை எறிந்துவிடலாகாது என்னும் எண்ணம் அதன்கண் உளது. எனினும் அறிதற்குரிமை வேண்டும் என்போர் பக்கமே எம் மனம் சாய்கின்றது. அறிந்தவர் மருத்துவரிடம் சென்று, இதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமோ, நீர்மருந்தாகக் கிடைக்குமோ என வினவலாம். பல மருந்துகட்குக் கிடைக்கும். வினவாமல் தாமே நிறுத்துதலும் அளவைக் குறைத்தலும் கூடா.

மாற்று வாயாதனவும் உள. குருதி உறையாமற் காக்கும் ஹெப்பாரின் இன்றும் பன்றியின் குடலினின்றே பெரிதும் எடுக்கப்படுகின்றது. சிறுநீரகம் பழுதுற்றுக் கோவை மருத்துவமனைகளில் வாரம் இருமுறை மும்முறை குருதி தூய்மை செய்துகொள்வார் பலர்க்கும் அதுவே செலுத்தப்படுகின்றது. செயற்கை முறையில் ஆக்கிய மருந்து ஒன்று ஓரளவு உளதெனினும் எல்லா நோயாளர்க்கும் எல்லா நிலையிலும் அது பொருந்துவதன்று. ஆராய்ச்சிச்சாலையிலேயே ஹெப்பாரினை விளைவிக்க அறிஞர் முயன்றுவருகின்றனர். அது கைகூடும் வரை அக்கட்டிலிற் கிடக்கும் அன்பர், கொல்லா நோன்புடையாரேயாயினும், அவ்வூசியை ஏற்கவே வேண்டும்.